இரண்டாவது மானிட்டர் வாங்கியாச்சு, அமைப்பை எங்கே எழுதி வைப்பது?

போன மாதம், நான் பார்த்துக்கொள்ளும் ஒரு பயிற்சி மையத்துக்குப் புது மானிட்டர் ஒன்று வந்தது, 2560க்கு 1440. கேபிளை மாட்டினேன், படம் வந்தது, ஆனால் 1920க்கு 1080ஐத் தாண்டி நகர மாட்டேன் என்றது. கேபிளை மாற்றினேன், போர்ட்டை மாற்றினேன், மானிட்டரின் அடியில் இருக்கும் பட்டன்களை எல்லாம் அமுக்கிப் பார்த்தேன். கடைசியில், லினக்ஸில் திரையைக் கவனித்துக்கொள்ளும் எக்ஸ் சர்வரின் லாக் ஃபைலைத் திறந்தால் காரணம் ஒரே வரியில் உட்கார்ந்திருந்தது: கிடைமட்ட சிங்க் (நொடிக்கு எத்தனை வரி வரைகிறது என்ற வேகம்) வரம்புக்கு வெளியே போகிறது, அதனால் இந்த மோடை, அதாவது இந்தத் திரை அளவை, எடுத்துக்கொள்ளவில்லை.

வரம்பா, யார் வைத்த வரம்பு? தேடிப் போனால், எனக்கு முன்னால் அங்கே இருந்தவர் எழுதி வைத்த எக்ஸார்க்.கான்ஃப் என்ற எக்ஸ் அமைப்பு ஃபைல் ஒன்று கிடைத்தது. அதில் கிடைமட்ட சிங்க் 30 முதல் 70 கிலோஹெர்ட்ஸ் என்று ஒரு வரி. 1920க்கு 1080, 60 ஹெர்ட்ஸில் ஓட 67.5 போதும், அடங்கிவிடும். 2560க்கு 1440க்குக் கிட்டத்தட்ட 89 வேண்டும், அதனால் வெளியே தள்ளிவிட்டது. ஃபைலில் ஏன், எதற்கு, எப்போது என்று ஒரு சொல் இல்லை. அங்கே ரொம்ப நாளாக இருக்கும் ஒருவரிடம் கேட்டபோதுதான் தெரிந்தது, அந்த மேஜையில் முன்பு ஒரு கேவிஎம் சுவிட்ச் இருந்ததாம், ஒரே திரையை இரண்டு கம்ப்யூட்டருக்கும் மாற்றிக்கொள்வார்களாம். அந்த மாதிரி மலிவான சுவிட்சுகள் பலவும் ஈடிஐடியை விழுங்கிவிடும். ஈடிஐடி என்பது மானிட்டர் தன்னைப் பற்றிச் சொல்லும், குறைந்தது 128 பைட் உள்ள குறிப்பு, அது வராவிட்டால் கம்ப்யூட்டருக்கு எதிரே என்ன இருக்கிறது என்றே தெரியாது, 1024க்கு 768 என்று பயந்துபோய் உட்கார்ந்துகொள்ளும். அதைச் சமாளிக்கத்தான் அந்த மனிதர் சிங்க் வரம்பையும் ஒரு மோட்லைனையும் (ஒரு திரை அளவின் நேரக் கணக்கை எண்களாகச் சொல்லும் வரி) கையால் எழுதியிருக்கிறார். அன்றைக்கு அது சரியான வேலைதான். சுவிட்ச் போய் இரண்டு வருடம் ஆகிவிட்டது, ஃபைல் மட்டும் காவல் காத்துக்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து திரை அமைப்பை எங்கே எழுதுவது என்ற கேள்வியை நான் வேறு மாதிரி பார்க்கிறேன். எதில் எழுதினாலும் இன்றைக்குப் படம் வந்துவிடும். அடுத்த ஆளுக்கு, அல்லது மூன்று வருடம் கழித்து வரும் எனக்கே, இது ஏன் இங்கே இருக்கிறது என்று எதில் தெரியும் என்பதுதான் நான் பார்ப்பது. அந்தக் கண்ணோடு ஒவ்வொரு வழியையும் எடை போட்டுப் பார்த்தேன்.

எக்ஸார்க்.கான்ஃப் தாத்தா காலத்துப் பீரோ மாதிரி. எக்ஸ்ஃப்ரீ86 என்ற பழைய எக்ஸ் சர்வர் நாட்களில் இது இல்லாமல் திரையே வராது. மானிட்டருடன் வந்த புத்தகத்தைத் திறந்து சிங்க் எண்களைப் பார்த்து எழுத வேண்டும், தப்பான எண் போட்டால் பழைய சிஆர்டி மானிட்டர் கெட்டுப்போகலாம் என்ற எச்சரிக்கையும் கூடவே வரும். 2004இல் உரிமத் தகராறு வந்து அதிலிருந்து எக்ஸ்.ஆர்க் தனியாகக் கிளம்பியபோது ஃபைலின் பெயரும் மாறியது, அப்புறம் மெதுவாகக் கண்டுபிடிக்கும் வேலையை எல்லாம் சர்வரே எடுத்துக்கொண்டது. இன்றைக்குப் பெரும்பாலான கம்ப்யூட்டரில் இந்த ஃபைலே கிடையாது, இருக்கத் தேவையும் இல்லை.

இதில் ஆட்கள் செய்யும் பெரிய தப்பு, சர்வரை விட்டே ஒரு முழு ஃபைலை உருவாக்கச் சொல்லி அதை அப்படியே உள்ளே போட்டுவிடுவது. அதில் டிரைவர் பெயர் இருக்கும், கிராஃபிக்ஸ் கார்டு எந்த பிசிஐ இடத்தில் இருக்கிறது என்ற எண் இருக்கும், கீபோர்டு மவுஸ் எல்லாம் இருக்கும். உங்களுக்கு வேண்டியது ஒரு வரி, நீங்கள் பூட்டி வைத்தது அறுபது வரி. நாளைக்குக் கார்டை மாற்றினால் கறுப்புத் திரைதான். ஒரே ஒரு மானிட்டர் பகுதியை மட்டும் எழுதிவிட்டு மீதியைக் காலியாக விட்டாலும் சர்வர் மற்றதைத் தானே பார்த்துக்கொள்ளும் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

மோட்லைன் எழுதுகிறவர்களுக்கு இன்னொரு பள்ளம் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். மோட்லைனைக் கணக்கிட்டுத் தரும் சிவிடி கருவியிடம் 1920, 1080, 60 என்று கொடுத்தால் அது தரும் வரியில் பிக்சல் கிளாக், அதாவது புள்ளிகளை அனுப்பும் வேகம், 173 மெகாஹெர்ட்ஸ் இருக்கும். பழைய எச்டிஎம்ஐ, ஒற்றை லிங்க் டிவிஐ எல்லாம் 165ஐத் தாண்டாது. அதனால் வரி சரியாக இருக்கும், படம் வராது, நீங்கள் கேபிளைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள். பிளாங்கிங்கை, அதாவது வரிகளுக்கு நடுவே விடும் வெற்று நேரத்தை, குறைக்கச் சொல்லும் ஆப்ஷனோடு கேட்டால் 138.5 வரும், அது போய்விடும். டிவிக்காரர்கள் வைத்திருக்கும் கணக்கு 148.5, அதாவது 2200 பெருக்கல் 1125 பெருக்கல் 60. மூன்றும் 1080 வரிதான், மூன்றும் வேறு வேறு. எதை ஏன் எடுத்தோம் என்று பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதாமல் போனால் அடுத்து வருகிறவருக்கு அது மந்திரம்தான்.

எக்ஸார்க்.கான்ஃப்.டி, சுருக்கமாகக் கான்ஃப்.டி, என்ற ஃபோல்டர் வந்தது 2010இல், எக்ஸ் சர்வர் 1.8உடன். ஒரே பெரிய ஃபைலுக்குப் பதிலாகச் சின்னச் சின்ன ஃபைல்கள், பெயரின் முன்னால் ஒரு எண், அந்த வரிசையில் படிக்கப்படும். டச்பேடில் தட்டினால் கிளிக் ஆக வேண்டும் என்றால் அதற்கு ஒரு ஃபைல், இரண்டாவது மானிட்டர் வலது பக்கம் என்றால் அதற்கு ஒரு ஃபைல். மானிட்டர் பகுதியின் பெயராக அவுட்புட்டின், அதாவது மானிட்டரை மாட்டும் போர்ட்டின், பெயரையே வைத்தால் சர்வர் தானாகப் பொருத்திக்கொள்ளும். இதில் எனக்குப் பிடித்தது, ஃபைலின் பெயரே பாதிக் குறிப்பு ஆகிவிடுகிறது. "50-வகுப்பறை-புரொஜெக்டர்" என்று பெயர் இருந்தால் புரொஜெக்டரைத் தூக்கும் நாளில் எதைத் தூக்க வேண்டும் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. உள்ளே ஹேஷ் குறி போட்டு எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாம். இது கம்ப்யூட்டரின் பொது அமைப்புகள் இருக்கும் இடிசி ஃபோல்டரில் இருப்பதால், அங்கே நடக்கும் மாற்றங்களைப் பதிவு செய்யும் இடிசிகீப்பரை நிறுவியிருந்தால் கிட் பதிவேட்டில் வரலாறும் தங்கிவிடும். ஃப்ரீபிஎஸ்டியில் இதே ஃபோல்டர் யூஎஸ்ஆர் லோக்கல் இடிசிக்குள் இருக்கும், லினக்ஸ் பழக்கத்தில் வேறு இடத்தில் எழுதிவிட்டு ஏன் வேலை செய்யவில்லை என்று முழிப்பதை நானே செய்திருக்கிறேன்.

இன்னொரு நன்மை, லைட்-டிஎம் மாதிரி எக்ஸில் ஓடும் லாகின் திரையும் இந்த அமைப்பிலேயே வரும், சர்வர் மட்டத்தில் வைத்த விஷயம் என்பதால். குறை என்று பார்த்தால், உள்ளே போன பிறகு டெஸ்க்டாப் தன்னிடம் உள்ள பழைய நினைவை மேலே ஏற்றிவிடும். எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப்பில் யாராவது ஒருமுறை டிஸ்பிளே அமைப்பைத் திறந்து சேமித்துவிட்டால் அவர்களுடைய ஃபைல்தான் ஜெயிக்கும், நீங்கள் எழுதியது லாகின் வரைக்கும்தான்.

ஸ்கிரிப்ட் வழி, அதாவது ஓடிக்கொண்டிருக்கும் எக்ஸில் திரையை மாற்றும் எக்ஸ்ரேண்டர் கட்டளை. இதுதான் எல்லோரும் முதலில் கற்றுக்கொள்வது, நானும் அப்படித்தான். ஒரு கட்டளை, உடனே பலன், தப்பாகிவிட்டால் ரீபூட் செய்தால் பழையபடி. அதன் மவுஸ் முகப்பான ஏரேண்டரில் திரைகளைக் காட்டும் பெட்டிகளை இழுத்து வைத்துச் சேமித்தால் அதே கட்டளையை ஷெல் ஸ்கிரிப்டாக எழுதித் தந்துவிடும். சோதித்துப் பார்க்க இதைவிட நல்லது கிடையாது.

நிரந்தரமாக வைத்துக்கொள்ளத்தான் இது ஆகாது. அவுட்புட் பெயர் ஊருக்கு ஒரு விதம். ஒரே எச்டிஎம்ஐ ஓட்டை, மோட்செட்டிங் டிரைவரில் எச்டிஎம்ஐ-1, இன்டெலின் பழைய டிரைவரில் நடுக்கோடு இல்லாமல் எச்டிஎம்ஐ1, ஏஎம்டிஜிபியுவில் எச்டிஎம்ஐ-ஏ-0, என்விடியாவில் எச்டிஎம்ஐ-0. ஒரு அப்டேட்டில் டிரைவர் மாறினால் ஸ்கிரிப்ட் சத்தமில்லாமல் செத்துப்போகும், பெரும்பாலும் அதன் பிழைச் செய்தியை யாரும் பார்ப்பதில்லை. லாகின் ஆகும்போது ஒருமுறை ஓடும், கேபிளைக் கழற்றி மாட்டினால் மறுபடி ஓடாது. ஆட்டோரேண்டர் இந்தக் கடைசிக் குறையைத் தீர்க்கிறது, மானிட்டரின் ஈடிஐடியைப் பார்த்து எந்த புரொஃபைல் என்று கண்டுபிடித்துப் போட்டுவிடும், லேப்டாப்போடு வீடு ஆபீஸ் என்று அலைகிறவர்கள் எக்ஸில் இருந்தால் இது ஒன்றே போதும். ஆனால் எக்ஸின் இடத்துக்கு வந்துகொண்டிருக்கும் வேலாண்டுக்குப் போனதும் இந்தக் குடும்பம் மொத்தமும் காலி. அங்கே எக்ஸ்ரேண்டரை ஓட்டினால், பழைய எக்ஸ் புரோகிராம்களுக்காக ஓடும் எக்ஸ்வேலாண்ட் ஏதோ ஒரு பட்டியலைக் காட்டும், நிஜத் திரையை அதனால் மாற்ற முடியாது. ஓடுகிற மாதிரி தெரியும், ஒன்றும் நடக்காது, இதில் மாட்டிக்கொண்டு மணிக்கணக்கில் தேடியவர்கள் நிறைய.

டெஸ்க்டாப்பின் சொந்த செட்டிங்ஸில் இழுத்து விடுவது. சரி, இதைப் பலர் கேவலமாகப் பார்ப்பார்கள், டெர்மினல் இல்லாமல் என்ன லினக்ஸ் என்று. என் லேப்டாப்பில் நான் இதைத்தான் பயன்படுத்துகிறேன். அதில் ஓடும் க்னோம் டெஸ்க்டாப் ஒவ்வொரு திரையையும் நிறுவனம், மாடல், சீரியல் எண் வைத்து நினைவில் கொள்கிறது, எந்தத் திரைக் கூட்டம் வந்தால் எந்த அமைப்பு என்று தனித்தனியாகச் சேமிக்கிறது. வீட்டு மேஜையில் மாட்டினால் ஒரு விதம், வெளியே புரொஜெக்டரில் மாட்டினால் ஒரு விதம், ஒரு ஸ்கிரிப்டும் வேண்டாம்.

குறிப்பு எழுதும் கண்ணோடு பார்த்தால் மட்டும் இது மோசம். அந்த மானிட்டர்ஸ் எக்ஸ்எம்எல் ஃபைலில் நீங்கள் ஒரு விளக்கம் எழுதி வைத்தாலும், அடுத்த முறை செட்டிங்ஸில் எதையாவது மாற்றியதும் க்னோம் முழு ஃபைலையும் திரும்ப எழுதும், உங்கள் விளக்கம் போய்விடும். ஃபைல் இருப்பது ஒவ்வொருவர் வீட்டு ஃபோல்டரிலும், அதனால் இடிசி வரலாற்றில் அது வராது. க்னோமின் ஜிடிஎம் லாகின் திரைக்கும் அதே அமைப்பு வேண்டும் என்றால் ஃபைலை அதன் ஃபோல்டருக்குக் கையால் நகல் எடுக்க வேண்டும், டெபியனில் அந்த ஃபோல்டரின் பெயரில் 3 ஒட்டியிருக்கும். லாகின் திரை மட்டும் தலைகீழாகவோ பக்கவாட்டிலோ வந்து நிற்பதைப் பார்த்திருந்தால் அதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

அப்புறம் வேலாண்ட். 2008இல் தொடங்கியது, முதல் பதிப்பு 2012இல், நாலு வருடத்தில் முடிந்துவிடும் என்று நினைத்தது பதினேழு வருடம் இழுத்தது என்று கிண்டல் செய்யலாம், ஆனால் கதை இப்போது முடிந்துவிட்ட மாதிரிதான். ரெட் ஹேட்டின் ஆர்எச்இஎல் 10, 2025இல் வந்தபோது எக்ஸ்.ஆர்க் சர்வரே அதில் இல்லை, பழைய புரோகிராம்களுக்கு எக்ஸ்வேலாண்ட் மட்டும். அதே வருடம் க்னோம் 49 எக்ஸ்11 செஷனை (டெஸ்க்டாப்பை எக்ஸில் ஓட்டும் வழியை) இயல்பாக அணைத்து வைத்தது. இன்னொரு டெஸ்க்டாப்பான கேடிஈயும் தன் பிளாஸ்மா 6.8இல் எக்ஸ்11 செஷன் இருக்காது என்று சொல்லிவிட்டது. இதைத் தெரிந்துகொண்டு இன்றைக்கு உட்கார்ந்து ஐம்பது வரி எக்ஸார்க் ஃபைல் எழுதுவது, இடிக்கப்போகும் வீட்டுக்கு வெள்ளையடிப்பது மாதிரி. விதிவிலக்கு உண்டு: எக்ஸ்எஃப்சிஇ 4.20இல் வேலாண்ட் இன்னும் சோதனை நிலைதான், ஓபன்பிஎஸ்டிக்காரர்கள் தங்கள் எக்ஸ் தொகுப்பான ஜெனோகாராவை நன்றாகப் பராமரிக்கிறார்கள், அவர்களுடைய மேன் பக்கங்களைப் படித்தால் மற்றவர்கள் வெட்கப்பட வேண்டும்.

வேலாண்டில் எனக்கு உண்மையாகவே உதவிய விஷயம் ஸ்கேல்தான். 14 அங்குல லேப்டாப் 1920க்கு 1200 என்றால் அங்குலத்துக்கு ஏறக்குறைய 162 புள்ளி, பக்கத்தில் இருக்கும் 24 அங்குல 1080 மானிட்டர் 92. எக்ஸில் மொத்தத் திரைக்கும் ஒரே டிபிஐதான், ஒன்றில் எழுத்து எறும்பு மாதிரி, இன்னொன்றில் யானை மாதிரி. வேலாண்டில் ஒவ்வொரு அவுட்புட்டுக்கும் தனி ஸ்கேல் வைக்கலாம். தமிழ் படிக்கிறவர்களுக்கு இது இன்னும் உறைக்கும், எழுத்து சின்னதானால் மெய்யின் மேல் புள்ளி இருக்கிறதா இல்லையா என்றே கண்ணுக்குத் தெரியாது.

வேலாண்டில் ஸ்வே மாதிரியான, ஜன்னல்களைக் கட்டம் கட்டமாக அடுக்கும் டைலிங் விண்டோ மேனேஜர் ஒன்றில் இருந்தால் அமைப்பு வெறும் டெக்ஸ்ட் ஃபைல், ஹேஷ் போட்டுக் குறிப்பு எழுதலாம், அவுட்புட் பெயருக்குப் பதிலாக நிறுவனம், மாடல், சீரியல் சேர்ந்த முழுப் பெயரையே கொடுக்கலாம். கான்ஷியைச் சேர்த்துக்கொண்டால் ஆட்டோரேண்டர் செய்த வேலையும் நடக்கும். குறிப்பு எழுத வசதியானது எது என்று மட்டும் கேட்டால் இதுதான். ஆனால் பயிற்சி மையத்துக்கு வரும் மாணவர்களை டைலிங் விண்டோ மேனேஜரில் உட்கார வைக்க எனக்கு தைரியம் இல்லை.

கீபோர்டு கதையும் இதேதான், கொஞ்சம் சொல்லிவிட்டுப் போகிறேன். எக்ஸின் கீபோர்டு அமைப்பான எக்ஸ்கேபியில் இந்தியப் பட்டியலுக்குள் தமிழ்நெட்99 உண்டு, டெபியனில் ஒரே ஃபைலில் எழுதினால் கன்சோலுக்கும் எக்ஸுக்கும் சேர்த்து வரும். ஆனால் எக்ஸ்கேபிக்கு ஒரு விசைக்கு ஒரு குறி என்ற கணக்குத்தான் தெரியும், ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதலாவதற்குப் புள்ளி தானாக வர வேண்டும் என்ற தமிழ்99 விதி அதற்குப் புரியாது. அதற்கு ஐபஸ் அல்லது எஃப்சிஐடிஎக்ஸ்5 என்ற தட்டச்சு மென்பொருள் வழியாக எம்17என் என்ற விதித் தொகுப்பு வேண்டும். இதில் எது எந்தக் கம்ப்யூட்டரில் ஓடுகிறது என்று எழுதி வைக்காததால் இரண்டும் ஒன்றாக ஓடி, ஒரு எழுத்து தட்டினால் வேறு எழுத்து வந்த கதை தனியாக எழுத வேண்டியது.

இவ்வளவும் பார்த்த பிறகுதான், அந்த கேவிஎம் சுவிட்ச் மாதிரியான சிக்கலுக்கு மேலே சொன்ன எதுவுமே சரியான இடம் இல்லை என்று புரிந்தது. ஈடிஐடி வரவில்லை என்பது எக்ஸின் பிரச்சினையும் இல்லை, வேலாண்டின் பிரச்சினையும் இல்லை, அதற்குக் கீழே, லினக்ஸின் மையமான கர்னலில் இருக்கிறது. நல்ல கேபிளில் நேராக மாட்டி, சிஸ் ஃபோல்டரில் டிஆர்எம் பகுதியில் தெரியும் ஈடிஐடியை ஒரு ஃபைலாக நகல் எடுத்து, ஃபர்ம்வேர் ஃபோல்டரில் வைத்து, பூட் ஆகும்போது இந்த அவுட்புட்டுக்கு இதை எடுத்துக்கொள் என்று கர்னலுக்கு ஒரு பாராமீட்டர் கொடுத்தால் போதும். கன்சோல், லாகின் திரை, எக்ஸ், வேலாண்ட் எல்லாவற்றுக்கும் ஒரே பதில். டிஸ்பிளே டிரைவர், பூட்டின் தொடக்கத்திலேயே ஏறும் இனிட்ராம்எஃப்எஸ் தொகுப்பிலிருந்தே ஏறுகிறது என்றால் அந்த ஃபைலையும் அதற்குள் சேர்க்க வேண்டும், இதை மறந்துவிட்டுத்தான் முதல் முறை எனக்கு வேலை செய்யவில்லை. என்விடியாவின் சொந்த டிரைவருக்கு மட்டும் இதை நம்பாதீர்கள், எக்ஸில் அதற்கென்று தனி ஈடிஐடி ஆப்ஷன் இருக்கிறது.

ஆக, பயிற்சி மையத்தில் இருக்கும் 12 கம்ப்யூட்டரும் டெபியன், எக்ஸ்எஃப்சிஇ, இடம் மாறாத திரைகள், அங்கே கான்ஃப்.டியில் தேவைப்படும் இடத்தில் மட்டும் ஒரு சின்ன ஃபைல், பழைய எக்ஸார்க்.கான்ஃபைத் தூக்கியாயிற்று. பத்துக் கம்ப்யூட்டருக்கு ஒன்றுமே தேவைப்படவில்லை, தானாகவே சரியாக வந்தது. என் லேப்டாப்பில் வேலாண்டும் செட்டிங்ஸில் இழுத்து விடுவதும், அங்கே குறிப்பு எதற்கு, நான் ஒரே ஆள், இரண்டு நிமிடத்தில் மறுபடி இழுத்துவிடுவேன். எக்ஸ்ரேண்டர் சோதனைக்கு மட்டும்.

குறிப்பு என்று பெரிதாக ஒன்றும் வைக்கவில்லை. ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் ஒரு டெக்ஸ்ட் ஃபைல்: எக்ஸா வேலாண்டா, எந்த டிரைவர், அவுட்புட் பெயர், மானிட்டரின் மாடலும் சீரியலும், ஈடிஐடி நகல் எங்கே இருக்கிறது. எக்ஸ் லாகையும் ஒருமுறை சேமித்துவிடுகிறேன், ஒரு வரிக்கு முன்னால் இரண்டு நட்சத்திரம் இருந்தால் அது யாரோ ஃபைலில் எழுதியது, இரண்டு சமக்குறி இருந்தால் சர்வரின் இயல்பு. இது மட்டும் முன்பே தெரிந்திருந்தால் அந்த மானிட்டர் பட்டன்களை நான் அமுக்கியிருக்கவே மாட்டேன். லாக் எங்கே இருக்கிறது என்பதையும் எழுத வேண்டும், எக்ஸ் ரூட் உரிமை இல்லாமல் ஓடினால் அது வீட்டு ஃபோல்டருக்குள் ஒளிந்துகொள்ளும்.

வகுப்பறை புரொஜெக்டருக்கு இன்னும் ஒரு பழைய விஜிஏ ஸ்பிளிட்டர் நடுவில் தொங்குகிறது, அதுவும் ஈடிஐடியை விழுங்குகிற ஜாதிதான். அந்தக் கம்ப்யூட்டரில் கர்னல் பாராமீட்டர் போட்டிருக்கிறேன், பூட்டைத் தொடங்கிவைக்கும் கிரப்பின் ஃபைலில் அதற்கு மேலேயே தேதி போட்டு இரண்டு வரி எழுதியிருக்கிறேன்: ஸ்பிளிட்டர் ஈடிஐடியை அனுப்புவதில்லை, அதனால் இது. ஸ்பிளிட்டரைக் கழற்றுகிறவர் இதையும் அழித்துவிடவும்.